மாவடுவும் நிலவெடிப்பும்

சைவப் பிள்ளைகளுக்குக் கல்வியோடு சமயநெறியும் புகட்டும் பெரும்பணியைத் தலைமேற்கொண்ட உபாத்தியாயர்களே!

பின்பனிக் காலம் கழிகின்றது. மாசி போய்ப் பங்குனி பிறக்கும் இந்நாள்களில் நமது யாழ்ப்பாணத்துச் சந்தை ஒன்றினுள்ளே காலை வேளையிற் சென்று பாருங்கள். ஐப்பசி கார்த்திகையிற் பெய்த மாரி எங்கே போயிற்று என்று வினவுவார்க்கு அச்சந்தையே விடை கூறும். ஆவணி புரட்டாதியிற் பாத்தியிட்ட பனங்கொட்டைகள் கிழங்காகி, தை மாசியிற் கிண்டப்பட்டு, அவித்த கட்டுகளாகவும் காயவிட்ட ஒடியலாகவும் வந்திருக்கின்றன. இராசவள்ளிக் கிழங்கு ஒட்டிய மண்ணோடு குவிந்து கிடக்கின்றது. கத்தரியும் பயற்றங்காயும் பூசணியும் பாகலும் கூடை கூடையாய் இறங்குகின்றன. முளைக்கீரைக்கும் வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் குறைவில்லை. வேம்பு பூக்கத் தொடங்குகின்றது. கறுத்தக் கொழும்பான் கனிந்து வருதற்கு இன்னும் பொறுத்தல் வேண்டுமாயினும், காற்றுக்கு உதிர்ந்த வடுக்களைப் பொறுக்கி உப்போடு தின்னும் பிள்ளைகளுக்கு அப்பொறுமை இல்லை. பங்குனித் திங்கட்கிழமைகளில் மட்டுவிற் பன்றித்தலைச்சி அம்மன் சந்நிதியிலே பொங்கலும் கத்தரிக்காய்க் கறியுமாக அடியார்கள் சமைத்துப் படைத்தலை நீங்கள் அறிவீர்கள். மட்டுவிற் கத்தரிக்காயின் சுவையை அறியாதார் நம்மவருள் யாவர்?

பருவத்தில் விளைந்ததைப் பருவத்தில் இறைவனுக்குப் படைத்து எஞ்சியதை உண்ணும் இவ்வழக்கத்தை நினைக்குந்தோறும் அடியேனுக்கு நினைவில் எழுபவர் அரிவாட்டாய நாயனார். இவருடைய குருபூசை தைத் திருவாதிரையில் நிகழ்வது. வகுப்பிலே நீங்கள் பலமுறை சொல்லிய சரித்திரமாயினும், இன்று சற்றே நின்று கேட்க வேண்டுகின்றேன்.

கணமங்கலத்திலே தாயனார் என்னும் வேளாளச் செல்வர் நாடோறும் சிவபெருமானுக்குச் செந்நெல்லரிசி அமுதும் செங்கீரையும் மாவடுவும் திருவமுதாகக் கொண்டு சென்று படைத்து வந்தார். இறைவன் அவரது செல்வத்தை மாற்றினார். தாயனார் தொண்டை மாற்றினாரல்லர். கூலிக்கு நெல்லரியப் போனார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லைப் பெருமானுக்கென்று ஒதுக்கினார். கார்நெல்லைத் தமக்கென்று வைத்தார். பின்னர் வயல்களிலெல்லாம் செந்நெல்லே விளைய, வந்த கூலி முழுவதும் செந்நெல்லேயாயிற்று. அதனைக் கண்டு அவர் வருந்தாமல், முழுவதும் பெருமானுக்கே ஆயிற்றென்று மகிழ்ந்தார். மனைவியார் வீட்டுக் கொல்லையிலே கீரை பறித்து அவருக்கு இட்டார். கீரையும் தீர்ந்தபோது தண்ணீரே உணவாயிற்று. அந்நிலையில் ஒருநாள் அமுதும் கீரையும் மாவடுவுங் கொண்ட கூடையைச் சுமந்து செல்கையிற் கால் தளர்ந்து வீழ்ந்தார். பஞ்சகௌவியத்தோடு பின்வந்த அம்மையார் பிடித்தும் பயனில்லை. அனைத்தும் வயலின் வெடிப்பினுள்ளே போயின.

பெருமான் அமுது செய்யும் பேறு இன்று இல்லையாயிற்றே என்று தாயனார் அரிவாளைத் தம் கழுத்திற் பூட்டினார். அப்பொழுது அவ்வெடிப்பிலிருந்து ஒரு திருக்கரம் எழுந்து அவர் கையைப் பிடித்தது. மாவடுவைக் கடிக்கும் விடேல் என்னும் ஓசையும் உடன் எழுந்தது.

இச்சரித்திரத்தைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கழுத்தரிந்த செய்தியையே பெரிதாக்கி அவர்களை நடுங்கச் செய்யும் உபாத்தியாயர் சிலர் உளர். அது வேண்டா. பிடித்துத் தடுத்த கையையே சொல்லுங்கள். சரித்திரம் நிற்குமிடம் அதுவேயாம்.

இனி, இதிலே நமது தோட்டங்களுக்கு வேண்டுவன யாவை எனின், முதலாவது அந்த இரண்டு நெற்குவியல்கள். தாயனார் நல்லதைப் பெருமானுக்கும் மற்றையதைத் தமக்கும் வைத்தார். இக்காலத்துத் தோட்டங்கள் சிலவற்றிலும் இருவேறு பாத்திகள் உள. ஒன்று சந்தைக்கு உரியது. அதற்கு யூரியா, பூச்சிகொல்லி யாவும் உண்டு. மற்றது வீட்டுக்கு உரியது. அதற்கு எருவும் சாம்பலும் மாத்திரமே. பங்கீடு இங்கும் உண்டு, தலைகீழாய் இருக்கின்றது. ஊராருக்கு ஆகும் என்பது தன் பிள்ளைக்கு ஆகாதென்பதை உழவன் அறிந்தே செய்கிறான். அவன் தெளிப்பதற்கு நாம் இட்ட பெயரோ மருந்து! நஞ்சை மருந்தென வழங்கிய நாக்கு நம்முடையதே.

உழவரை மாத்திரம் குற்றஞ் சொல்லுதல் எளிது. அடியேனுக்கு அவ்வுரிமை இல்லை. உபாத்தியாயராக இருந்த காலத்தில் ஒரு பாடசாலைத் தோட்டம் அடியேன் பொறுப்பில் இருந்தது. மேற்பார்வைக்கு அதிகாரி வரும் நாள் நெருங்கியது. கீரைப் பாத்தியைப் பார்த்தால் இலைதோறும் ஓட்டை. ஓட்டை விழுந்த கீரையைக் காட்டுவது பாடசாலைக்கு அவமானம் என்று எண்ணி, அயலிலுள்ள தோட்டக்காரரிடம் தெளிகருவியை இரவல் வாங்கித் தெளித்தேன். அதிகாரி மகிழ்ந்து பாராட்டினார். இரண்டு நாள் கழித்து அக்கீரை பிள்ளைகளின் மதிய உணவுக்குப் பறிக்கப்பட்டது. பறித்த மாணாக்கன் ஒருவன் என்னைப் பார்த்து, "ஐயா, விற்கிற கீரைக்குத்தான் அப்பு இது அடிக்கிறவர். நாங்கள் தின்கிறது வேறு பாத்தி" என்றான். அவன் குற்றஞ்சாட்டவில்லை, அறிந்ததைச் சொன்னான். அன்று ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆயினும், பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தகுந்ததோ என்று ஆராயாது அதிகாரியின் கண்ணுக்குத் தகுந்ததோ என்று மாத்திரம் பார்த்தேன் என்பதை அவ்வொரு சொல் காட்டிவிட்டது. தெளித்த பின் இத்தனை நாள் பறிக்கலாகாதென்று புட்டியிலேயே எழுதியிருக்கும். எழுத்தறிவிக்கும் தொழிலில் இருந்தவன் அதனை வாசிக்கவில்லை.

இரண்டாவது, அந்த வெடிப்பு. தாயனார் அமுது கெட்டது என்று எண்ணிய இடத்தில் அமுது செய்யப்பட்டது. நிலத்தினுள்ளே போனது எங்கும் போய்விடவில்லை. ஒரு கை அதனை ஏற்றது. சைவர்க்கு இது கதையளவில் நிற்பதன்று. ஐம்பூதங்களும் சிவபெருமானுடைய அட்டமூர்த்தங்களுள் அடங்குவன என்று கொள்பவர் நாம். காஞ்சியிலே பிருதிவியையும் திருவானைக்காவிலே அப்புவையும் இலிங்கமாக வழிபடுகின்றோம். அவ்வாறாயின் பாத்தியிலே தூவுவது யாருடைய கையிலே விழுகின்றது?

நமது குடாநாட்டிலே இவ்வினா பின்னும் கூர்மையாகின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. மாரி மழை மண்ணினூடே இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அந்நன்னீர் உவர்நீரின் மேல் ஏடுபோல மிதப்பது. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீருமாயிருத்தலை மாணாக்கரை அழைத்துச் சென்றவர் அறிவர். மேலே இட்ட பசளையிற் பயிர் கொள்ளாது விட்ட மிகுதி நைத்திரேற்றாய் மழையோடு இறங்கி இவ்வெடிப்புகளின் வழியே கிணற்றைச் சேருகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த எல்லை. செறிவாகப் பயிர் செய்யப்படும் நமது பகுதிகளில் அவ்வெல்லையைக் கடந்த கிணறுகள் பல உளவென்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால் முதலில் இடருறுபவர் யாரெனின், அந்நீரிற் கரைத்த புட்டிப்பால் உண்ணும் கைக்குழந்தைகள். அவர்களுடைய இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலியிழந்து உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது; நீர் வற்ற வற்ற மிகும். இதனைத் தாய்மாருக்குச் சொல்லவேண்டியவர்களுள் நீங்களும் ஒருவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நமது நாட்டுப் பாடநூல்கள் ஒரு வகையைச் சேதனப் பசளை என்றும் மற்றதை அசேதனப் பசளை என்றும் வழங்குகின்றன. சித்தாந்தத்திற் சேதனம் அறிவுடைய உயிரைக் குறிக்கும். அசேதனம் அறிவில்லாத சடத்தைக் குறிக்கும். இவ்விரண்டு வழக்கையும் கலந்து, முன்னது புண்ணியம் பின்னது பாவம் என்று மயங்குவாரை அடியேன் கண்டிருக்கிறேன். மாட்டெருவும் அளவு மீறினால் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடையும். கிணற்றருகே வெட்டிய மலசலகூடக் குழியும் அவ்வாறே. கடையிலே சேதன விளைவு என்று சீட்டொட்டி இருமடங்கு விலை கூறுவதனால் மாத்திரம் ஒரு காய் தூயதாகிவிடாது. அறிவுடையது பசளை அன்று, அதனை இடுகிறவன்.

முன்னோர் அவ்வறிவோடு செய்தார்கள். பூவரசு முதலிய குழைகளை வெட்டி மண்ணிலே தாழ்த்தார்கள். கோடையில் ஆட்டையும் மாட்டையும் தோட்டத்திலே பட்டியடைத்து இரவெல்லாம் கிடக்க விட்டார்கள். பட்டி பெயர்ந்து பெயர்ந்து செல்ல நிலம் முழுவதும் உரமேறிற்று. அவர்களைத் தேவரெனக் கொள்ளற்க. புகையிலையையும் இவ்வாறே விளைத்தவர் அவர்கள். ஆயினும் இன்று வயலிலிடும் பொருள் நாளை பேரன் குடிக்கும் நீர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் காலத்தில் இருமுறை யூரியாவை விட்டிருந்தோம். இருமுறையும் நாமாக விட்டோமல்லோம். 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையினால் அது வடக்குக்கு வாராதொழிந்தது. தடை நீங்கியதும் மீண்டோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நாடு முழுவதற்கும் திடீரெனத் தடுத்தது. குழைக்கும் எருவுக்கும் ஆயத்தமில்லை, உழவருக்குப் பயிற்சியில்லை, மண் மாறுதற்குக் காலமில்லை. நவம்பரிலே தடை தளர்ந்தும், அப்பெரும்போகத்தில் நாட்டின் நெல்விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. கடன்பட்ட உழவர் கண்ணீர் விட்டனர். ஒரு நாளிற் பிறந்த கட்டளை ஒரு மண்ணைத் திருத்தாது. தாயனாரை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை; செந்நெல்லையும் கார்நெல்லையும் பிரித்தது அவருடைய கையே.

ஆதலின் உபாத்தியாயர்களே, உழவரிடம் சென்று உபதேசம் செய்யுமுன் பாடசாலை வளவிலிருந்து தொடங்குங்கள். உதிரும் இலையைக் கூட்டிக் கொளுத்தாது குழியிலிடுங்கள். பூச்சி தின்ற கீரையைப் பூச்சி தின்றதென்றே காட்டுங்கள். அதிகாரி முகஞ்சுளித்தாற் சுளிக்கட்டும். பாடசாலைக் கிணற்றுநீரை ஒருமுறை பரிசோதிப்பித்து, வந்த முடிவைப் பெற்றோர் கூட்டத்தில் மறையாது வாசியுங்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாங்கும் பழத்தை எங்கிருந்து வந்ததென்று கேட்டு வாங்குங்கள். நஞ்சில்லாது விளைத்தவன் ஒருவன் அயலில் இருந்தால், அவனுடைய ஓட்டைக் கீரைக்கு அவன் கேட்கும் விலையைப் பேரம் பேசாமற் கொடுங்கள். அப்பேரம்தான் அவனைத் தெளிகருவியிடம் திருப்பி அனுப்புவது.

சென்ற ஆண்டு இப்பருவத்திலே, சமய பாடத்துக்கு அடியேனை அழைத்த ஒரு பாடசாலையில் இச்சரித்திரத்தைச் சொன்னேன். முற்றத்து மாமரத்தின் கீழ் வடுக்கள் உதிர்ந்து கிடந்தன. அம்மரத்துக்கு ஒருவரும் ஒன்றும் தெளித்ததில்லையென்று கேட்டறிந்துகொண்டு, பிள்ளைகளைப் பொறுக்கிவரச் செய்து, கழுவி, ஆளுக்கொன்று கொடுத்தேன். வெடிப்பிலிருந்து கரம் எழுந்த இடம் வந்ததும், எல்லாரும் ஒருங்கே கடியுங்கள் என்றேன். கடித்தார்கள். வகுப்பு முழுவதும் அவ்வோசை எழுந்தது. பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி மாத்திரம் கடியாமல், வடுவைக் கையிலே பொத்தியபடி, "ஐயா, முதலிலே இதைப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு வரலாமோ?" என்று கேட்டாள். போய்வரும்படி சொன்னேன்.