பத்திரமும் பட்டமும்

அக்கா மகளுக்கு இந்த மார்ச்சில் இரண்டு அனுமதிக் கடிதங்கள் வந்தன. இரண்டுமே குவான்ட் ஃபைனான்ஸ் எனும் கணிதவழி நிதியியல் முதுகலைக்கு. ஒன்று நியூயார்க்கில், இன்னொன்று சூரிச்சில். "ரேங்க் பட்டியல்ல நியூயார்க்தான் மேல இருக்கு. ஆனா செலவ நெனச்சா பயமா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்றாள்.

திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக் கடன் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் நான். கடனுக்கு ஈடாக வீட்டுப் பத்திரத்தை என் முன்னால் வைத்த பெற்றோரின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதனால் பட்டியலை ஒதுக்கிவிட்டுப் பாடத்திட்டத்தை எடுக்கச் சொன்னேன்.

இந்தப் படிப்பில் பெயரை நம்ப முடியாது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே கணிதத் துறை ஒரு படிப்பை நடத்துகிறது. பொறியியல் பள்ளி வேறொன்றை நடத்துகிறது. சூரிச்சில் ஈடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சூரிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரே படிப்பை நடத்துகின்றன, ஒன்றரை ஆண்டுப் படிப்பு. கணக்கும் நிதியும் அங்கே ஒரே கூரையின் கீழ்.

பாடத்திட்டத்தில் எதைத் தேட வேண்டும் என்று சொல்ல, அவளிடம் நான் அதிகம் பேசியது 1987 அக்டோபரைப் பற்றி. பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் 1973இல் தந்த ஆப்ஷன் விலைச் சூத்திரம், பங்கு விலையின் ஏற்ற இறக்க அளவு மாறாது என்று வைத்துக்கொள்கிறது. அந்த அக்டோபரில் சந்தை ஒரே நாளில் சரிந்தது. அதன்பின் ஆப்ஷன் விலைகள் அந்த அனுமானத்தோடு ஒத்துப்போகவில்லை. 1997இல் ஷோல்ஸும் மெர்ட்டனும் நோபல் பரிசு பெற்றார்கள். மறு ஆண்டே அவர்கள் பங்குதாரர்களாக இருந்த எல்டிசிஎம் நிதியம் நிலைகுலைந்தது. சூத்திரம் எங்கே உடையும் என்று கண்டு, மேலாளர் முகத்துக்கு நேரே "இது தப்பு" என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தலைக்கு மேல் கடன் இருப்பவர் அப்படிச் சொல்வாரா?

நியூயார்க்கில் கட்டணமும் வாடகையும் சேர்ந்தால் முக்கால் கோடி ரூபாயைத் தாண்டும். படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க 12 மாதம். அமெரிக்க அரசின் ஸ்டெம் எனும் அறிவியல்-கணித வகைப்பாட்டில் அந்தப் படிப்பு இருந்தால் மேலும் 24 மாதம். பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். இந்தக் கெடுவுக்குள் கடனையும் அடைக்க வேண்டிய பிள்ளை, கிடைத்த முதல் வேலையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடனை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

சூரிச்சும் சுலபமில்லை. சாப்பாடும் வாடகையும் நெருப்பு விலை. ஐரோப்பியர் அல்லாதவர்க்கு, படித்து முடித்தபின் வேலை தேட ஆறு மாதம்தான் அவகாசம். ஜெர்மனும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் படிப்புக் கட்டணம் நியூயார்க்கோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அத்தானின் பி.எஃப். பணத்தோடு, ஈடு கேட்காத ஏழரை லட்சத்துக்குள் ஒரு சிறு கடன் வாங்கினால் போதும்.

"சூரிச்சுக்குப் போ கண்ணு" என்றேன். இரண்டு நாள் யோசித்தாள். இரண்டு இடத்துப் பாடத்திட்டங்களையும் வரிக்கு வரி படித்தாள். மூன்றாம் நாள் சூரிச்சுக்குச் சம்மதம் எழுதினாள்.

அக்கா வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது.