சமதளத்தில் நிற்கும் வேளை

"என் மனச்சான்று சொன்னபடி நடந்தேன், என்மீது குற்றமில்லை" என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். அது போதுமா? காரிலுள்ள ஒரு சிறு உறுப்பு இக்கேள்வியைத் தெளிவாக்குகிறது.

ஈரச்சாலை வளைவில் கார் சறுக்காமல் காக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, 1995இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அறிமுகமானது. ஓட்டுநர் செல்ல விரும்பும் திசையை ஸ்டியரிங்கில் உள்ள உணரி அறிவிக்கிறது. வண்டி உண்மையில் எப்படித் திரும்புகிறது என்பதை மற்றோர் உணரி அறிவிக்கிறது. இரண்டும் முரண்பட்டால், தக்க சக்கரத்திற்கு மட்டும் பிரேக் தானே விழுகிறது. விரும்பும் வழிக்கும் செல்லும் வழிக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியை நினைத்தே, உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் புனித பவுலடியார் புலம்புகிறார்.

உணரி பழுதானால் எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கை மட்டும் அணைத்துவிட்டு அமைதி கொள்வோரும் உண்டு. புதிய உணரியைப் பொருத்துவதோடும் வேலை முடிவதில்லை. பல கார்களில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, 'நேர்' எது, 'அசைவின்மை' எது என்று அதற்குக் கற்பிக்க வேண்டும். சரிவில் கற்பித்தால் சரிவே அதற்குச் சமதளமாகிவிடும்.

வரதட்சணை கேட்கும் தந்தை, "ஊர் வழக்கம்தானே" என்கிறார். கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரைக் காப்பவரும் நிம்மதியாக உறங்குகிறார். இவர்கள் பொய் சொல்லவில்லை. சரிவிலேயே அளவு கற்றவர்கள். தவிர்க்க இயலாத அறியாமையால் தவறும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. ஆயினும், உண்மையைத் தேட அக்கறையற்றவனின் மனச்சான்று பாவப் பழக்கத்தால் மெல்ல மெல்லக் குருடாகிறது என்றும் அதே சங்கம் எச்சரித்தது. குற்றத்தின் அளவை இறைவன் அறிவார். ஆனால் நம் வண்டி சறுக்கும்போது அடிபடுவோர் பிறரே.

ஆகவே மனச்சான்றுக்குச் செவிசாய்ப்பது நம் கடமை. அதற்குச் சரியான அளவைக் கற்பிப்பதும் நம் கடமையே. நற்செய்தியே நமக்குச் சமதளம். நம் செயலால் காயமுற்றோரின் குரலைக் கேட்கும்போது, நாம் நிற்பது சரிவா சமதளமா என்பது புலப்படும். ஓடும் வண்டியில் இத்திருத்தம் நடவாது. நாள்தோறும் இரவில் சற்று நேரம், இறைமுன்னிலையில் நாம் நின்றாக வேண்டும்.