காப்பியும் மதிப்புரையும்

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகளை, பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் வேலை பார்க்கும் நண்பர் படிக்கத் தந்தார். எப்போதோ ஒரு வேளைச் சாப்பாடு அன்பளிப்பாகாது என்கிறது 13-ஆவது விதி. ஆனால் அலுவல் தொடர்புள்ளவரிடம் அடிக்கடி உபசாரம் பெறுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. 15-ஆவது விதி வெளிவேலையைத் தடுக்கிறது. எப்போதாவது செய்யும் இலக்கியக் காரியத்துக்கு முன்அனுமதி தேவையில்லை.

நான் வங்கி குமாஸ்தா. இந்த விதிகள் என்னைக் கட்டுப்படுத்துவதில்லை. இருந்தும் தீபாவளிக்கு வாடிக்கையாளர் நீட்டும் இனிப்புப் பெட்டியை மயிலாப்பூர் கிளையில் மறுத்துவிடுகிறேன். அது சுலபம். அது எதற்காக என்று இருவருக்குமே தெரியும்.

சங்கடம் மாலையில் ஆரம்பிக்கிறது. தி.நகரில் ஒரு கவிஞர் வீட்டுக்கு அடிக்கடி போகிறவன் நான். காப்பி, பேச்சு, ஒருநாள் கையெழுத்திட்ட தொகுதி. பிறகு அதற்கு மதிப்புரை எழுதினேன். பாதிக்கு மேல் பலவீனமான கவிதைகள்; அதைச் சொல்லவில்லை. அவர் எதுவும் கேட்கவுமில்லை.

பொருளின் விலைக்கு முன்னால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அலுவல் உண்டா என்பதே கேள்வி. இலக்கியத்தில் அதிகாரமில்லை என்று நினைத்து விதி அதை விட்டுவைத்திருக்கலாம். ஆனால் சில நூறு பேர் படிக்கும் பத்திரிகையிலும் மதிப்புரையாளனிடம் அதிகாரம் இருக்கிறது. என்னை நம்பிக் காசு கொடுத்துத் தொகுதியை வாங்கியவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

நட்பை விட முடியாது, விடவும் வேண்டாம். நட்பைச் சொல்லிவிட்டு எழுதலாம், அல்லது எழுதாமல் இருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை.