விலைக்கு வாங்கும் விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாதவராய் வாயிலில் வந்து நிற்கும் புதியவரையே நம் முன்னோர் விருந்தினர் என்றனர். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் அவருக்கென்றே அமைந்தது. முகர்ந்தால் வாடுவது அனிச்சமலர். விருந்தினரோ நம் முகம் சற்றே மாறினாலும் வாடிவிடுவர் என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கிறார். இலையில் இட்ட பண்டத்தைக் காட்டிலும் இட்டவர் முகமே அங்குப் பெரிது. இந்நாளிலோ நகரத்தில் வாழும் நாம் விருந்தைப் பல வேளை விலை கொடுத்தே பெறுகிறோம். விலை கொடுத்த இடத்தில் குறை நேர்ந்தால் யாரிடம் சினம் கொள்வது முறை? ஓர் இரவு இவ்வினா நம்மை விடாமல் பற்றிக்கொண்டது.

தில்லியில் அது கடுங்குளிர்க் காலம். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் நம் இல்லத்தில் தங்கியிருந்த அத்தை மறுநாள் தமிழ்நாடு விரைவு வண்டியில் திரும்ப இருந்தார். வந்த நாள் முதல் அடுக்களையை விட்டு அகலாத அவருக்கு ஓர் இரவாவது ஓய்வு கிட்டட்டும் என்று, தென்னாட்டுச் சிற்றுண்டிக்கெனப் பெயர் சொல்லும் ஓர் உணவகத்திற்குக் குடும்பத்தோடு சென்றோம்.

எச்சில் தட்டுகள் எடுக்கப்படாத மேசை முன் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஊத்தப்பம் கேட்ட அத்தைக்கு மசால் தோசை வந்தது. சாம்பார் ஆறி ஏடு படிந்திருந்தது. மற்றவர் உண்டு முடித்த பின்னரே குழந்தையின் இட்டலி வந்தது. பரிமாறியவன் இருபது வயது மதிக்கத்தக்க கடுவால் மலைநாட்டு இளைஞன். அவனை நிற்கவைத்து, நமக்குத் தெரிந்த இந்தியிலெல்லாம் கடிந்துகொண்டோம். அவன் தலை குனிந்து நின்றான். கல்லாவில் பணம் செலுத்தியபோது உரிமையாளர், “சாப்பாடு எப்படி?” என்று வினவினார். “நன்றாக இருந்தது” என்று புன்னகைத்துவிட்டு வெளியே வந்தோம்.

ஆட்டோவில் அத்தை கேட்டார்: “ஏம்ப்பா, அந்தப் பிள்ளைகிட்ட அத்தனை சத்தம் போட்டியே, கல்லாக்காரர்கிட்ட சிரிச்சுட்டு வந்தியே, ஏன்? அவ்வளவு பெரிய கூடத்துக்கு ரெண்டே பேரு. காலு வீங்கி நிக்கிறான், பார்த்தியா?”

நாம் பார்க்கவில்லை. இந்தி ஒரு சொல்லும் அறியாத அவர் பார்த்திருந்தார்.

விலை கொடுத்தவனுக்குக் குறை கூறும் உரிமை உண்டு, அதில் ஐயமில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, விலையை மிகுத்து வாங்காமலும் பொருளைக் குறைத்து விற்காமலும் இருந்ததையே அவர்தம் பெருமையாகக் காட்டுகிறது. அவ்வறம் தவறிய இடத்தில் வாளாவிருப்பது பெருந்தன்மை ஆகாது. ஆயின் தவறியவர் யார்? எத்தனை ஆளை அமர்த்துவது என்று முடிவு செய்பவரும், சரக்கு வாங்குபவரும், வரும் பணத்தை எண்ணுபவரும் உரிமையாளரே. பரிமாறுபவன் முகம் சுளித்திருந்தால் அது அவன் குற்றம். ஆறிய சாம்பார் அவன் குற்றம் அன்று. அவன் செய்த பிழையெல்லாம் நம் கைக்கு எட்டும் தொலைவில் நின்றதே.

நாம் பெற்ற பற்றுச்சீட்டில் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையும் இருந்தது. அதனை உணவகங்கள் தாமாகவே சேர்த்தல் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது. சட்டமே நம் பக்கம் இருந்தும், கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறந்தோமில்லை. எதிர்த்துப் பேச இயலாதவனிடம் உரத்த குரல், பேசக்கூடியவரிடம் புன்னகை. இதனை நாகரிகம் என்றா சொல்வது? மேலும், அப்புன்னகையால் உரிமையாளருக்கும் நன்மை இல்லை. தம் கடையில் குறையொன்றும் இல்லையென்றே அவர் எண்ணியிருப்பார். அடுத்து வந்தவர்க்கும் அதே ஆறிய சாம்பார்தான் கிட்டியிருக்கும்.

பிழைப்பு நாடி மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் வந்த நம் தந்தையர் பலர், அரைகுறை இந்தியுடன் பிறர் செய்த தவற்றுக்கு ஏச்சு வாங்கி நின்ற கதைகளை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். அவ்விளைஞனும் மலையிறங்கி வந்த புதியவனே. அந்தக் கூடத்தில் நம் முகம் கண்டு வாடியவன் அவன். நம் பிள்ளைகள் அருகிலிருந்து அதனைப் பார்த்துக்கொண்டும் இருந்தனர்.

பத்து நாள் கழித்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மீண்டும் அங்குச் சென்றோம். கல்லாவின் முன் நின்று, ஆள் பற்றாமையையும் ஆறிய உணவையும் சேவைக் கட்டணத்தையும் அமைதியாக எடுத்துரைத்தோம். உரிமையாளர் முகம் கடுத்தது, விடை கூறவில்லை. இளைஞனைத் தேடினோம். அன்று அவனுக்கு விடுமுறை என்றனர். அவனிடம் சொல்ல எண்ணிச் சென்ற சொல் இன்னும் நம்மிடமே இருக்கிறது.