மைத்துனர் சொன்ன யோசனை

நீங்கள் ஒரு தவணைக் கடை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம், மிக்ஸி, ஃபேன் எல்லாம் தவணையில் கொடுக்கிறீர்கள். தெருத்தெருவாகப் போய்ப் பணம் வாங்கி வர ஒரு வசூல்காரர். மாதச் சம்பளம் பத்தாயிரம். அவர் போனால்தான் வரும் என்கிற பணம் மாதம் இருபதாயிரம். திடீரென்று உறவில் ஒரு கல்யாணம், மொய் எழுதியாக வேண்டும். 'வசூல்காரரை நிறுத்திடுங்க மாமா, அந்தப் பத்தாயிரத்தை மொய்யா எழுதிடலாம்' என்கிறார் மைத்துனர். என்ன செய்வீர்கள்? முதலில் மைத்துனரை ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவீர்கள்!

சிரிக்காதீர்கள். இதே யோசனை அமெரிக்காவில் மசோதாவாகவே வந்தது. ஒரு சபையில் ஜெயிக்கவும் செய்தது.

2023 நவம்பர். இஸ்ரேலுக்கு 1,430 கோடி டாலர் உதவி தர வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? ஐ.ஆர்.எஸ். என்கிற அந்நாட்டு வரித் துறைக்கு 2022-ல் சுமார் 8,000 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியிருந்தார்கள். பத்து வருடங்களுக்கான பணம். அதில் கை வைக்கலாம் என்றது குடியரசுக் கட்சி. அவர்கள் பெரும்பான்மையாக இருந்த பிரதிநிதிகள் சபையில் 226-க்கு 196 என்று மசோதா நிறைவேறியது.

எந்தக் கட்சியையும் சாராத காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. வரித் துறையில் 1,430 கோடியை வெட்டினால் வரி வருமானம் 2,680 கோடி குறையும். ஆக, வெட்டியதால் மட்டுமே 1,250 கோடி டாலர் நஷ்டம். உதவிக்கான பணம் தனி! செனட் சபை இதை ஏற்கவில்லை. 2024 ஏப்ரலில் இஸ்ரேலுக்கான நிதி நிறைவேறியபோது இந்த வெட்டு அதில் இல்லை.

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், எல்லாச் செலவும் ஒரே ஜாதி இல்லை என்று. சாப்பிடுகிற நெல் வேறு, விதை நெல் வேறு. இது அந்தப் பெரியவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால் கணக்கை விட்டுவிடுவோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. வசூல்காரர் வராவிட்டால் சந்தோஷப்படுகிறவர் யார்?

மாதச் சம்பளக்காரரா? இல்லவே இல்லை. நம் ஊரில் டி.டி.எஸ். பிடிக்கிற மாதிரி அங்கேயும் முதலாளியே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருகிறார். ஐ.ஆர்.எஸ். மதிப்பீட்டின்படி, இப்படிப் பிடிக்கப்படும் சம்பளத்தில் கணக்கில் வராமல் போவது வெறும் 1 சதவிகிதம். யாரும் தகவல் தராத வருமானத்தில், அதாவது ரொக்க வியாபாரம், சொந்தத் தொழில் போன்றவற்றில், 55 சதவிகிதம்! ஆஸ்பத்திரி நர்ஸும் பஸ் டிரைவரும் பிறவியிலேயே உத்தமர்கள் என்று அர்த்தமில்லை. மறைக்க அவர்களுக்கு வழியில்லை, அவ்வளவுதான். 2021-ம் வருடத்துக்கு மட்டும் சட்டப்படி வர வேண்டியதில் உரிய நேரத்தில் வராத வரி 68,800 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

'வரி அதிகாரியின் கையில் அதிகாரம் கூடினால் ஆபத்து இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரிவிலக்குக் கேட்டு விண்ணப்பித்த சில அரசியல் அமைப்புகளை அவற்றின் பெயரைப் பார்த்தே ஐ.ஆர்.எஸ். தனியாக எடுத்துவைத்துக் குடைந்தது என்று 2013-ல் அரசின் தணிக்கை அதிகாரியே அறிக்கை கொடுத்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்த பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை.

ஆனால், மேய்ந்த வேலிக்கு மருந்து என்ன? கண்காணிப்பு, கோர்ட், தண்டனை. பட்டினி போடுவது மருந்தாகுமா? 2010-க்குப் பிறகு வருடக்கணக்கில் அதையும் செய்து பார்த்தார்கள். தனிநபர் கணக்குகளில் சோதனைக்கு உள்ளானவை 2010-ல் 0.9 சதவிகிதம், 2019-ல் 0.25. வருடம் 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறவர்களிடம் சரிவு இன்னும் செங்குத்து.

ஏன் அப்படி? பணக்காரரின் கணக்கைப் பிரிக்க அனுபவசாலி அதிகாரி வேண்டும், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். சலுகை வாங்கும் ஏழைக் குடும்பத்தைச் சோதிக்க ஒரு கடிதம் போதும். நாட்டிலேயே அதிக விகிதத்தில் சோதனைக்கு ஆளாகும் கவுண்டி எது என்று 2019-ல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் தேடிப் பார்த்தது. கிடைத்த விடை, மிசிசிப்பி மாநிலத்தின் ஹம்ஃப்ரீஸ் கவுண்டி. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை ஊர். பட்டினி கிடக்கும் அதிகாரம் எட்டுகிற இடத்தில்தான் கடிக்கும்.

சந்தேகம் கேட்டு ஒழுங்காக வரி கட்டலாம் என்று போன் செய்தவர்களாவது தப்பித்தார்களா? 2021 நிதியாண்டில் வந்த அழைப்புகளில் ஊழியர்கள் எடுத்துப் பேசியது 11 சதவிகிதம்.

இன்றைய நிலவரம்? அந்த 8,000 கோடியில் பாதிக்கும் மேல் அடுத்தடுத்த சட்டங்களில் திரும்பப் பிடுங்கப்பட்டுவிட்டது. 2025-ல் சில மாதங்களுக்குள் ஊழியர்களில் நாலில் ஒருவர் போய்விட்டார்.

வரி அதிகம் என்று நினைக்கிறீர்களா? குறைக்கச் சொல்லிச் சட்டம் கொண்டுவாருங்கள். வெளிச்சத்தில் வைத்து வாதாடலாம், ஓட்டுப் போடலாம், தோற்கலாம். அது நாணயம். சட்டத்தை அப்படியே புத்தகத்தில் வைத்துக்கொண்டு, அதைக் கேட்டு வருகிறவரை மட்டும் வீட்டுக்கு அனுப்புவது வேறு. அதுவும் வரிக் குறைப்புதான். ஆனால் ஏய்ப்பவருக்கு மட்டும் கிடைக்கிற ரகசிய வரிக் குறைப்பு. அந்த பில்லை யார் கட்டுவது என்கிறீர்கள்?

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். உலகத்தில் எந்த நாடாக இருந்தாலும், அந்த வரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்தான் கட்டுவார்.