கல் பட்டதா, எறிந்தார்களா?

கல்லூரி மாணவர் கட்டுரையைத் திருத்திக் கொடுப்பதை ஒரு சேவை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஒற்றுப்பிழை, ல-ள-ழ குழப்பம், இவற்றைச் சரிசெய்தால் போயிற்று. திருச்சியில் சில ஆண்டுகளாக, மாலை வேளைகளில் சேரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறேன், எழுத வைக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது: பிழையை எடுக்கிறோமா, எழுதியவரையே எடுத்துவிடுகிறோமா?

திருப்பாணாழ்வாரையே எடுத்துக்கொள்வோம். உறையூர்க்காரர். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை தெரிந்ததுதான். காவிரித் தென்கரையில் அரங்கனைப் பாடித் தன்னை மறந்து நிற்கிறார் பாணர். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்கிறார். காதில் விழவில்லை. கல்லை எறிகிறார், ரத்தம் வழிகிறது. பிறகு அரங்கன் ஆணைப்படி அதே முனிவர் பாணரைத் தோளில் சுமந்து ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் கொண்டுபோகிறார்.

இதை நம் பிள்ளைகள் எப்படி எழுதி வந்தார்கள்? 'பாணர் மீது கல் பட்டது. அவர் கோயிலுக்குள் அழைத்துச் செல்லப்பட்டார்.' இலக்கணக் குற்றம் கிடையாது. மார்க்கும் விழும். ஆனால் கல் தானாக வந்து படுமா? எறிந்த கை எங்கே போயிற்று? இது அவர்கள் வாக்கியமல்ல, நோட்ஸ் வாக்கியம். 'குடிசைகள் எரிந்தன', 'நிலம் பறிபோனது' என்று செய்தித்தாள் எழுதுவதும் இதே இலக்கணந்தான். ஆதிக்கத்தின் தமிழ் எழுவாயை விழுங்கிவிடும். எனவே எங்கள் முதல் பயிற்சி, ஒவ்வொரு வினைச்சொல்லையும் நிறுத்தி 'யார் செய்தது?' என்று கேட்பது.

அடுத்து, பிரதியையே பிரித்துப் பார்த்தோம். 'அமலனாதிபிரான்' பத்துப் பாசுரம்தான். அதில் கல் இல்லை, முனிவர் இல்லை, பாடியவரின் சாதி இல்லை, பெயர்கூட இல்லை. ஆக, கதை வேறு கையிலிருந்து வந்திருக்கிறது. அந்தக் கை, அவர் பாணர் வயிற்றில் பிறந்தவரல்லர், நெல்வயலில் கண்டெடுத்த பிள்ளை என்றும் சேர்த்துக்கொள்கிறது. எதற்காம்? 1907இல் 'ஒரு பைசாத் தமிழ'னைத் தொடங்கிய அயோத்திதாசர், நிகண்டையும் பழம்பாடல்களையும் கையில் வைத்துக்கொண்டே, நமக்குச் சொல்லப்பட்ட கதைகளை எதிர்த்து வாசித்தவர். விமர்சன வாசிப்பு நமக்கு இரவல் சரக்கல்ல.

2018இல் ஹைதராபாத் ஜியாகூடா ரங்கநாதர் கோயிலில், பாணர் கதையை நினைவூட்டி, அர்ச்சகர் ஒருவர் தலித் பக்தர் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சமத்துவம் என்று பாராட்டி நாலைந்து பேர் எழுதி வந்தார்கள். பி.ஏ. படிக்கும் ஒரு பெண் மட்டும் எழுதியிருந்தாள்: 'எங்க அம்மா கேக்குறாங்க, அவரு காலு நல்லாத்தானே இருந்துச்சு? நடந்து போனா என்னவாம்?'

இதை எப்படித் திருத்துவது? 'தாமே நடந்து சென்றிருப்பின் யாது இழுக்கு நேர்ந்திருக்கும்?' என்று மாற்றினால் கேள்வி செத்துப்போகும். அப்படியே விட்டுவிடுங்கள் என்பார்கள் எழுதுகிற தோழர்கள் சிலர். சொல்கிறவர்களுக்கு உத்தியோகம் இருக்கிறது, இவளுக்கு இனிமேல்தான் பட்டம் வேண்டும். பேச்சுமொழியில் வந்த பாமாவின் 'கருக்கு' (1992) பாடமாகவே ஆகிவிட்டது. அதைப் பற்றி அதே மொழியில் பரீட்சை எழுதிப் பாருங்கள், தெரியும்.

ஒற்று, மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் ஆயுதங்கள். ஒன்று விடாமல் சொல்லித்தர வேண்டும், அதில் சலுகை காட்டுவது இன்னொரு வகை இளக்காரம். ஆனால் ஒரு வாக்கியம்கூட நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. இரண்டு மொழியும் முட்டிக்கொள்ளும் இடத்தில் எழுதுகிறவரே முடிவு செய்யட்டும்.

அவள் முடிவு செய்தாள். சுற்றிலும் பிழையற்ற எழுத்துத் தமிழ், நடுவில் அம்மாவின் கேள்வி மேற்கோள் குறிக்குள். "அக்கா, அடிக்குறிப்புல அம்மா பேரு போடலாமா?" என்றாள். "போடும்மா. ஊரு, தேதி எல்லாம் சேத்துப் போடு" என்றேன். பக்கத்திலிருந்த தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா சொன்னதெல்லாம் ஆதாரமாகுமா என்றான். "குருபரம்பரை எழுதுனவங்க மட்டும் நேர்ல நின்னு பாத்தாங்களா? எத்தனையோ நூறு வருஷம் கழிச்சு, கேட்டதத்தானே எழுதுனாங்க" என்றாள் அவள். அன்று எட்டு மணி தாண்டியும் வாதம் முடியவில்லை.