ஆலுவாயில் இட்ட பந்தல்

நீலகிரியின் அரவேணுவில் இரவு எட்டு மணிக்கே ஊர் அடங்கிவிடும். படிக்க வசதியான ஊர். சில நாட்களாகக் கேரளத்துத் துறவி நாராயண குருவைப் பற்றிய நூல்களோடு இருக்கிறேன்.

1924, சிவராத்திரி. பெரியாற்றங்கரையில் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் குரு கூட்டிய சர்வமத மாநாடு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். இஸ்லாம், கிறிஸ்தவம், பௌத்தம், ஆரிய சமாஜம், பிரம்ம சமாஜம் என்று பல தரப்பும் பேசின. வாதாடி வெல்ல அல்ல, அறியவும் அறிவிக்கவுமே கூடியிருக்கிறோம் என்பது அங்கே எழுதி வைக்கப்பட்டிருந்த அறிவிப்பு.

மத உறவுகளைக் கசப்பாக்கிய மலபார் கலவரம் நடந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. மாநாடு முடிந்த அதே மார்ச் மாதம் 30ஆம் தேதி வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. அங்கே கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவர் நடக்கக் கூடாது என்று அப்போது தடை இருந்தது. குருவும் ஈழவர்.

இந்த இடத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. தெருவில் கால் வைக்காதே என்று சொல்லப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், எல்லா மதத்தாரையும் வாருங்கள், உங்கள் நெறியைச் சொல்லுங்கள், கேட்கிறோம் என்கிறார். கசந்துபோக அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அந்த மனம் எப்படி வாய்த்தது? மருத்துவாமலைக் குகையில் இருந்த தவமா? திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்துக்குக் கொண்டுசென்றவர், தமிழிலும் பதிகம் பாடியவர். அயலாரின் சொல்லுக்குள் போய் இருந்து பழகியவர் என்றாவது சொல்லலாம்.

மாநாட்டின் முடிவில் அவர் விரும்பியது, சிவகிரியில் எல்லா மதங்களையும் கற்பிக்கும் ஒரு பள்ளி. எனக்கு மாநாட்டைவிட இதுவே பெரிது. எங்கள் ஊரில் நாங்கள் பொங்கலும் பிரியாணியும் கேக்கும் மாற்றிக்கொள்கிறோம், நல்லதுதான். ஆனால் கொடுத்தவர் கண்மூடி என்ன வேண்டுகிறார் என்று கேட்பதில்லை.

குருவின் சீடர் நடராஜ குரு 1923இல் இந்த நீலகிரியில்தான் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். ஊட்டி ஃபெர்ன்ஹில் குருகுலத்தில் நடராஜ குருவின் சீடர் நித்ய சைதன்ய யதி 1999இல் மறையும்வரை வாழ்ந்தார். ஆலுவா மாநாட்டின் நூற்றாண்டை ஒட்டி 2024 நவம்பரில் வத்திக்கானில் கூடியவர்களிடம் போப் பிரான்சிஸ் பேசினார்.

கடைவீதியில் தெரிந்த பாயிடம், தொழுகையில் ஓதும் ஃபாத்திஹாவுக்குப் பொருள் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரச் சொன்னார். திருவாசகத்தைப் பற்றி அவருக்கும் கேட்க இருக்கிறதாம்.